மறு: 'ஹெட்ரைட்', 'பவுண்ட்டி' – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> ஹெட்ரைட் – தலையுரிமை
> பவுண்ட்டி – ஊக்கத்தொகை

வணக்கம். வட அமெரிக்காவின் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் ஆள் கணக்கில் கொடுத்த நில உரிமைதான் 'ஹெட்ரைட்'; அங்கே ஆட்களைக் கொண்டுவரக் கொடுத்த பணம் 'பவுண்ட்டி'. இவற்றுக்கு மேலே சொன்ன தமிழ்ச் சொற்கள் இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

'தலையுரிமை' என்றால் தலையாய உரிமை என்றுதான் படிப்பவர் நினைப்பார். நிலம் என்ற பொருளே அதில் இல்லை. இதே இழையில் முன்மொழியப்பட்ட 'ஆள்கொணர் நிலம்' 1618-இல் வர்ஜீனியாவில் வந்த முறைக்குச் சரியாகப் பொருந்தும். கப்பல் செலவு கொடுத்து ஓர் ஆளைக் கொண்டுவந்தால் 50 ஏக்கர். வந்தவர் ஒப்பந்த வேலையாள் என்றால் அந்த நிலம் அவருக்கு இல்லை, செலவு செய்தவருக்கு. ஆனால் 1760-களின் தென் கரோலினாவில் நடைமுறை வேறு. அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கே நிலம் கிடைத்தது: குடும்பத் தலைவருக்கு 100 ஏக்கர், மற்றவர்களுக்குத் தலைக்கு 50.

இரண்டுக்கும் பொதுவானது தலைக் கணக்கு மட்டும்தான். அதனால் 'தலைக்காணி' என்று வைக்கலாம். காணி ஒரு நில அளவாயிற்றே என்று கேட்கலாம். காணியாட்சி என்ற பழைய வழக்கில் அது நில உரிமை; ஈழத்தில் இன்றும் காணி என்றால் நிலம்.

அடுத்தது 'பவுண்ட்டி'. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் எண்ணிக்கை தங்களை மிஞ்சியதில் தென் கரோலினா வெள்ளையருக்கு நெடுநாள் அச்சம். செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களுடன் நடந்த போரோ அப்போதுதான் ஓயும் நிலையில் இருந்தது. எல்லையில் வெள்ளையரைக் குடியேற்ற, 1761 சட்டம் ஐரோப்பாவின் ஏழைப் புராட்டஸ்டண்டுகளுக்குப் பயணச் செலவாகத் தலைக்கு 4 பவுண்டு ஒதுக்கியது, சிறுவருக்குக் குறைவு. கத்தோலிக்க அயர்லாந்துக்காரர்களுக்கு இதில் இடமில்லை. பணம் போய்ச் சேர்ந்தது கப்பல்காரர்களிடம். பெல்பாஸ்ட் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து அவர்கள் ஆள் சேர்த்தார்கள். எத்தனை தலையோ அத்தனை பணம் என்றால் கப்பலில் எப்படி ஏற்றியிருப்பார்கள்? 1768-இல் திட்டம் நின்றது.

இதற்கு 'ஊக்கத்தொகை' என்று எழுதினால், குடியேறியவர் கையில் வாங்கிய பரிசு போல ஆகிவிடும். 'தலைக்காசு' இருக்கிறதே! மலாயாத் தோட்டங்களில் கங்காணிக்கு ஆள் கணக்கில் கொடுத்த காசுக்கு நம்மவர்கள் சொன்ன பெயர் அது. அங்கே ஆட்கள் வேலை செய்த நாள் கணக்கில் கொடுத்தது, இங்கே ஆளுக்கு ஒருமுறை கொடுத்தது. இந்த வேறுபாட்டை விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். ஆளைக் கொண்டுவந்தவர் தலை எண்ணி வாங்கிய பணம் என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். முக்கியமாக, 'தலைக்காணி' என்று கேட்டதும் ஈழ நண்பர்களுக்கு வேறு பொருள் ஏதும் தோன்றுகிறதா?