பிறந்த குழந்தையின் தைராய்டு மிகை: சொல் வேண்டும்

குழுவினர்க்கு வணக்கம். பிரசவ வார்டுக்கான கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறேன். தாய்க்கு கிரேவ்ஸ் நோய் (உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள் தைராய்டைத் தூண்டி அளவுக்கு மீறிச் சுரக்க வைப்பது) இருந்தால், அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் தைராய்டையும் முடுக்கிவிடும். இத்தாய்மாரின் குழந்தைகளில் 100-க்கு 1 முதல் 5 வரை இப்படி ஆகிறது. படபடக்கும் இதயம், நன்றாகப் பால் குடித்தும் ஏறாத எடை. ‘பிறவித் தைராய்டு நச்சு’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

* * *

குழந்தை மருத்துவராகச் சொல்கிறேன், ‘பிறவி’ வேண்டாம். ஆயுள் முழுக்க என்று நினைத்துவிடுவார்கள். தாயின் எதிர்ப்பொருள் கரைந்ததும், பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில், இது அடங்கிவிடும். ‘நச்சு’ அதைவிட மோசம். ‘நஞ்சு விழுந்துடுச்சா?’ என்று பிரசவ அறையில் கேட்கிற ஊர் இது. நஞ்சுக்கொடியும் நச்சும் ஒரே பக்கத்தில் வந்தால், தாய் தன் உடம்பிலிருந்து விஷம் போயிருக்கிறது என்று பயந்து பாலையே நிறுத்திவிடுவாள்.

* * *

தைராய்டு எதற்கு? கேடயச்சுரப்பி இருக்கிறதே. கிரேக்க மூலமும் கேடயம்தான். கேடயம் வடசொல் என்று தயங்கினால் பட்டினப்பாலையில் ‘கிடுகு’ உண்டு. கிடுகுச்சுரப்பி மிகை எனலாம்.

* * *

ஐயா, யாழ்ப்பாணத்தில் கிடுகு என்றால் கூரை வேயப் பின்னிய தென்னோலை. எங்கள் அம்மாமாருக்கு ஒன்றும் விளங்காது. ‘தாய்வழித் தைராய்டு மிகை’ என்றால் என்ன?

* * *

தாய்வழிச் சொத்து மாதிரி பரம்பரை நோய் என்று படும். இன்னொன்று, கிரேவ்ஸ் நோய்க்காகத் தைராய்டை அறுத்து எடுத்த தாயின் ரத்தத்திலும் அந்த எதிர்ப்பொருள் இருக்கலாம். அவருக்கு மிகையே இருக்காது, குழந்தைக்கு வரும். தைராய்டை அடக்கத் தாய் சாப்பிட்ட மாத்திரை குழந்தைக்கும் போய் முதல் சில நாள் அறிகுறியை மறைத்துவிடும், வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். பெயர் எதுவானாலும் இந்த இரண்டையும் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

* * *

நன்றி. ‘பச்சிளங்குழந்தையின் தற்காலிகத் தைராய்டு மிகை’ என்று அனுப்புகிறேன். நீளம்தான், நேரமில்லை.

* * *

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் ‘தற்காலிக’, ‘தைராய்டு’ இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. சொற்பட்டியலிலாவது கேடயச்சுரப்பியைப் பக்கத்தில் சேருங்கள்.