மறு: ஆக்சில், சஸ்பென்ஷன் ஆர்ம் – இருசு, பற்றுக்கை பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

பழைய காட்டுவழி வண்டிகளைப் பிரித்துக் கட்டுவதற்கான கையேட்டில் ஆக்சில் (இருபுறச் சக்கரங்களையும் தாங்கும் குறுக்கு அமைப்பு), சஸ்பென்ஷன் ஆர்ம் (சக்கரத்தையோ ஆக்சிலையோ வண்டியோடு பிணைக்கும் கை) என்ற இரண்டு சொற்களும் பக்கத்துக்குப் பக்கம் வரும். அவற்றுக்கு இருசு, பற்றுக்கை என்று நான் சொன்னதற்கு உங்களிடமிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. அதனால் இதை இப்போதே பேசி முடித்துவிடலாம்.

> ஆக்சிலுக்கு ‘அச்சு’ போதுமே. பாடநூல்களிலும் அதுதானே இருக்கிறது.

இந்தக் கையேட்டுக்குப் போதாது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் ஒரு கற்பனைக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறது. அந்தக் கோட்டுக்கு அச்சு என்பதைவிட நல்ல சொல் இல்லை. அது பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவுதான் காஸ்டர். உயரமான ஸ்பிரிங் போட்டால் ஆக்சிலின் மேற்பக்கம் முன்னால் உருண்டு, இந்தச் சாய்வு குறையும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதும் குறையும். இதைப் போய் ‘அச்சு உருண்டதால் அச்சின் சாய்வு குறைந்தது’ என்று எழுதினால் எந்த அச்சு எதைச் செய்தது என்று யாருக்குப் புரியும்? கோட்டுக்கு அச்சு, பொருளுக்கு இருசு என்று பிரித்துக்கொள்வதே தெளிவு.

> மாட்டுவண்டியின் இருசு சுற்றாது, சக்கரம்தான் சுற்றும். வண்டி ஆக்சில் சுற்றுகிறதே?

நல்ல கேள்வி. இருசு என்ற சொல்லை நான் விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணமே இதில்தான் இருக்கிறது. ஆக்சில் என்று நாம் ஒரே பெயரால் சொல்வதில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, வெளியே தெரியும் ஹவுசிங். இன்னொன்று, அதற்குள் டிஃபரன்ஷியலிலிருந்து (இருபுறச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர்த்தொகுதி) சக்கரம்வரை போகும் ஷாஃப்ட். ஃபுல் ஃப்ளோட்டிங் வகையில் ஹவுசிங்தான் வண்டியின் பாரத்தைச் சுமக்கிறது. அதன் முனையில் உள்ள பேரிங்குகளின் மேல் சக்கரம் சுற்றுகிறது. மாட்டுவண்டி இருசு செய்யும் வேலையேதான். உள்ளே இருக்கும் ஷாஃப்ட் திருப்புவிசையை மட்டும் கடத்துகிறது. அது ஒடிந்தாலும் சக்கரம் கழன்று போகாது. சக்கரத்தைத் தொடாமலே ஷாஃப்டை உருவி எடுக்கலாம். செமி ஃப்ளோட்டிங் வகையில் ஷாஃப்டே பாரத்தையும் சுமக்கிறது.

ஆகவே முழு அமைப்பு இருசு, ஹவுசிங் இருசுக்கூடு, உள்ளே சுற்றுவது இருசுத்தண்டு. ஃப்ளோட்டிங் என்பதற்கு ‘மிதவை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது படிப்பவருக்கு எதையும் சொல்லாது. சுமையிலாத் தண்டு, சுமைதாங்கித் தண்டு என்றால் பெயரிலேயே விளக்கம் வந்துவிடுகிறது.

இந்தப் பிரிப்பு பணத்தையும் காக்கும். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் 10 ஸ்பிளைன் (தண்டின் மேல் நீளவாக்கில் ஓடும் மேடு) தண்டுள்ள இருசும் உண்டு, 24 ஸ்பிளைன் தண்டுள்ள இருசும் உண்டு. ‘ஆக்சிலை மாற்றவும்’ என்று படித்துவிட்டு ஒருவர் தண்டை மட்டும் வாங்கிவந்தால், உள்ளே இருக்கும் டிஃபரன்ஷியலோடு அது சேராமல் போகலாம்.

> சஸ்பென்ஷன் ஆர்முக்குத் ‘தாங்குகை’ எப்படி?

காதுக்கு இனிமைதான், ஆனால் வேலை அதுவல்ல. 1948-இல் வந்த முதல் லேண்ட் ரோவரில் லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்). அதுவே பாரத்தையும் தாங்கும், இருசையும் இடம் மாறாமல் பிடிக்கும். 1970-இல் ரேஞ்ச் ரோவர் காயில் ஸ்பிரிங்கோடு (சுருள் வில்) வந்தது. காயில் பாரத்தைத் தாங்கும். இருசு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடாமல் பிடிக்க அதற்குத் தெரியாது. அந்தப் பிடிப்புக்காகத்தான் கைகள் வந்தன. எனவே பற்றுக்கை. சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டிகளில் ஸ்பிரிங் பெரும்பாலும் கீழ்க்கையின்மேல் உட்கார்ந்திருக்கும், அந்தக் கை சுமையும் வாங்கும். அங்கேயும் சக்கரத்தைப் பற்றியிருப்பது எல்லாக் கைகளுக்கும் பொது வேலை.

நீளவாட்டில் போவது நெடுக்குப் பற்றுக்கை. இருசு பக்கவாட்டில் ஓடாமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடு குறுக்குப் பற்றுக்கம்பி. இரண்டாகப் பிரியும் விஷ்போனுக்குக் கவைக்கை. கவை என்ற பழைய சொல் இங்கே அழகாக உட்காருகிறது. சஸ்பென்ஷனை இப்போதைக்கு அப்படியே விடுவோம். ‘இடைநீக்கம்’ என்பது வேலையிலிருந்து ஒருவரை நிறுத்திவைப்பது, இங்கே வேண்டாம்.

சரி, சொற்கள் ஓடுகின்றனவா என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“புதிய நெடுக்குப் பற்றுக்கைகளை மாட்டும்போது புஷ் (கையின் முனையில் உள்ள ரப்பர் உருளை) போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விடவும். வண்டியை இறக்கி, பாரம் முழுவதும் சக்கரங்களில் நின்ற பிறகே கடைசி முறுக்கு. இருசு தொங்கும் நிலையில் முறுக்கினால், வண்டி இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். உயரமான ஸ்பிரிங் போட்டிருந்தால் குறுக்குப் பற்றுக்கம்பி இருசை ஒரு பக்கமாக இழுத்திருக்கும். இருபுறமும் சக்கரத்துக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, நீளம் மாற்றக்கூடிய கம்பியால் நடுவுக்குக் கொண்டுவரவும்.”

எனக்குத் தடையில்லாமல் படிக்க வருகிறது. ‘கையிறுக்கம்’ மட்டும் கொஞ்சம் புதிதாகத் தெரியலாம், ஆனால் பட்டறையில் வேலை பார்ப்பவருக்கு விளங்கும் என்றே நினைக்கிறேன்.

ஸ்பிளைனுக்கு மட்டும் நல்ல சொல் கிடைக்கவில்லை. ‘பல்’ என்றால் கியரின் பல்லோடு குழம்பும், ‘வரி’யும் ஒட்டவில்லை. தண்டின் மேல் நீளவாக்கில் ஓடும் அந்த மேடுபள்ளத்துக்கு உங்கள் பக்கத்துத் தச்சரோ கருமாரோ சொல்லும் பெயர் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.