2 மீற்றர் பீரலு ரேந்தைக்கு இரண்டு கிழமையா?

வெண்ணூல்:
ஞானஸ்நானச் சட்டைக்கு 5 சென்ரிமீற்றர் அகலத்தில் 2 மீற்றர் பீரலு ரேந்தை (நூல் சுற்றிய கட்டைகளால் கையில் பின்னும் லேஸ்) வேண்டும். இலங்கையின் தென்கரை ஊரான வெலிகமவில் விசாரித்தால் இரண்டு கிழமை ஆகும் என்கிறார்கள். மெசின் ரேந்தை அன்றே கிடைக்கும். உண்மையாகவே இவ்வளவு நேரம் பிடிக்குமா?

ஊசிமுனை:
பிடிக்கும். இந்த அகலத்தில் நடுத்தர வேலைப்பாட்டுக்கே நூல் சுற்றிய 16 சோடி கட்டை வேண்டும். 10 சென்ரிமீற்றருக்குக் கிட்டத்தட்ட 250 குத்து, அதாவது குண்டூசி குத்தும் இடம், என்று வையுங்கள். ஒவ்வொரு குத்திலும் இரண்டு சோடியைப் பிரித்தெடுத்து, முறுக்கி, மாற்றிப் போட்டு, தலையணையில் குண்டூசி குத்தி, அதைச் சுற்றி மறுபடி மாற்றிப் போட்டு, நூலை இழுத்து இறுக்க வேண்டும். பழகிய கைக்கும் அரை நிமிடம். அப்படியானால் 10 சென்ரிமீற்றருக்கு இரண்டு மணித்தியாலம், 2 மீற்றருக்கு 40. நாளுக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல் கண்ணும் தோளும் தாங்காது. அதுவே பத்து நாள்.

அதற்கு முதல் 32 கட்டைக்கும் நூல் சுற்ற வேண்டும். ஒரே நூலை இரண்டு நுனியிலிருந்தும் சுற்றினால்தான் சோடியின் நடுவில் முடிச்சு வராது.

கட்டைச்சத்தம்:
பிழை திருத்தும் நேரத்தையும் சேருங்கள். ஒரு மாற்றல் தவறினால் உடனே தெரியாது. மூன்று நாலு வரிசை தள்ளி, துளை சரிந்து நிற்கும்போதுதான் பிடிபடும். வெட்டித் திருத்த முடியாது, வந்த வழியே ஒவ்வொரு மாற்றலாக அவிழ்த்துப் போக வேண்டும். நூல் அறுந்தால் முடிச்சை நெருக்கமாகப் பின்னிய இடத்தில் ஒளிப்பார்கள். வலைப் பகுதியில் போட்டால் பல்லில் சிக்கிய நார் மாதிரித் துருத்தும். ஓரத்துக் குண்டூசிகளை அவசரப்பட்டுப் பிடுங்கினால் விளிம்பு உள்ளே இழுபட்டு, அகலம் ஒரு இடம் போல் மற்ற இடம் இராது. விரைவாக முடித்த துண்டில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

(ரேந்தை என்ற சொல்லே போர்த்துக்கேய ‘ரெண்டா’தான். பீரலுவும் அவர்களுடைய ‘பில்ரோ’, நூல் சுற்றும் கட்டை.)

வெண்ணூல்:
நன்றி. மெசின் ரேந்தையைத் தந்து ஏமாற்றினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊசிமுனை:
உருப்பெருக்கியில் பாருங்கள். சங்கிலி போல் வளையம் வளையமாகத் தெரிந்தால் அது மெசினில் பின்னியது. பீரலுவில் நெருக்கமான இடம் துணி நெய்தது போல மேலும் கீழுமாகப் போகும், அதே நூல்கள் பிரிந்துபோய் வலையாகும்.

சுருக்கு வைத்துத் தைப்பதென்றால் 2 மீற்றர் ரேந்தை 1.3 மீற்றர் விளிம்புக்குத்தான் காணும், சொல்ல முதல் அளந்துவிடுங்கள். உருளைத் தலையணையில் பின்னுவதால் முழு நீளத்தையும் ஒரே துண்டாகக் கேட்கலாம். பருத்தி நூல் சுருங்கும், அதனால் துணியையும் ரேந்தையையும் நனைத்துக் காயவைத்த பிறகே தையுங்கள்.