கட்டிலோட சேத்துப் போடுத தொட்டில் சரியா வருமா? 36 வாரம், சிசேரியன்

தக்கலைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 36 வாரம், பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கேன், பிள்ளை குறுக்க கெடக்கதால சிசேரியன்தான்னு டாக்டர் சொல்லியாச்சு. ராத்திரி பிள்ளைய எங்க படுக்க வைக்கதுன்னுதான் இப்பம் வீட்ல ஒரே பேச்சு. அம்மா பக்கத்துலயே போட்டுக்கோ பால் குடுக்க லேசுங்காங்க, மாமி வீட்ல இருந்து எனக்க வீட்டுக்காரர் பொறந்தப்ப கெடந்த அயனி மரத்துத் தொட்டில் வந்து நிக்குது, ஆட்டுத தொட்டில். மைனி ஆன்லைன்ல ஒண்ணு காட்டுனாங்க, ஒரு பக்கத்த எறக்கி விட்டு நம்ம கட்டிலோட சேத்துக் கட்டிக்கிடலாம், கைய நீட்டுனா பிள்ளை, எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. ஆனா எங்க கட்டில் தாத்தா காலத்துது, நல்ல உயரம், அதுக்கு மேல ஆறு இஞ்ச் மெத்தை வேற. தையல் போட்ட வயித்தோட குனிஞ்சு எடுக்க முடியுமான்னு ஒரு பயம், உறக்கத்துல பிள்ளை மேல சாஞ்சிருவேனோங்கது அதைவிட பயம். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

குலசேகரம்அக்கா:
மக்ளே, அந்த மாதிரி தொட்டில்தான் எனக்க ரெண்டாவது பிள்ளைக்கு வாங்குனேன், எனக்கும் சிசேரியன்தான், நல்ல உபகாரம். ஆனா ஒரு காரியம் சொல்லுகேன் கேட்டியா. அதுக்கூட ஒரு பெல்ட் வரும், அத நாங்க சும்மா கட்டில் கால்ல சுத்தி வச்சிருந்தோம். நான் எறங்கும்போதும் ஏறும்போதும் முட்டு இடிச்சு இடிச்சு தொட்டில் பைய நகந்திருக்கு. ஒரு நாள் வெளுப்புக்கு மூணு மணிக்கு பால் குடுக்க கைய நீட்டுனா நம்ம மெத்தைக்கும் தொட்டிலுக்கும் நடுவுல எனக்க கை மணிக்கட்டு வர உள்ள போகுது. லைட்டப் போட்டுப் பாத்தேன், பிள்ளை அந்த ஓரத்துல இருந்து ஒரு சாண் தள்ளிக் கெடக்கு. அன்னைக்கு அதுக்குப் பெறகு நான் உறங்கல்ல.

பெல்ட்ட நம்ம மெத்தைக்கு அடியில விட்டு கட்டிலுக்க அந்தப் பக்கம் சட்டத்துல இழுத்துக் கட்டணும், சக்கரம் இருந்தா லாக் போடணும், டெய்லி படுக்கதுக்கு முன்ன தள்ளிப் பாக்கணும். இடைவெளி இருக்குன்னு துணிய சுருட்டி வைக்காண்டாம், அது எளகி பிள்ளை முகத்துல வந்துரும். வாங்குகதுக்கு முன்ன நீ கட்டில்ல உக்காந்துட்டு தரையில இருந்து மெத்தை மேல் வர டேப் பிடிச்சு அளந்து பாரு. பிள்ளைக்க மெத்தை நம்ம மெத்தைக்கு சமமா வரணும். உனக்க கட்டிலுக்கு எட்டாதுன்னுதான் தோணுது. எட்டல்லன்னா செங்கல் கொடுத்து ஒசத்தாதே, நாலு பக்கமும் அடைச்சு கட்டில் பக்கத்துல தனியா போட்டுரு, அதுவும் கை எட்டுத தூரம்தானே.

வார்டுநர்ஸ்_நாகர்கோவில்:
அக்கா சொன்னது அவ்வளவும் சரி. நான் பச்சப்பிள்ளை வார்டுல வேலை பாக்கேன், டெய்லி அம்மாமார்ட்ட சொல்லுகத இங்கயும் சொல்லுகேன். அமெரிக்காவுல குழந்தை டாக்டர்மார் சங்கம் 2022ல சொன்னதும் இதுதான், குறைஞ்சது முதல் 6 மாசம் பிள்ளை நம்ம ரூம்லயே ஆனா தனிப் படுக்கையில. படுக்கை கெட்டியா, சமமா இருக்கணும், மேல ஒரு விரிப்பு மட்டும் இறுக்கமா, தலையணை, போர்வை, பொம்மை, சுத்தி வைக்குத மெத்து ஒண்ணும் வேண்டாம். கட்டிலுக்கு மேல வைக்குத பஞ்சு வச்ச குட்டி மெத்தையும் வேண்டாம். எப்பவும் மல்லாக்க. மல்லாக்கப் போட்டா கக்குன பால் தொண்டையில அடைக்கும்னு எல்லா வீட்லயும் பயப்படுகாங்க, உண்மையில மல்லாக்கக் கெடக்கும்போது மூச்சுக்குழல் மேலயும் உணவுக்குழல் கீழயும் இருக்கும், பால் மேல ஏறி மூச்சுக்குழலுக்குள்ள போறது கஷ்டம். கமுத்திப் போட்டாதான் அது தலைகீழ். 1994ல அமெரிக்காவுல மல்லாக்கப் போடுங்கன்னு பிரச்சாரம் ஆரம்பிச்ச பெறகு, உறக்கத்துல காரணம் தெரியாம பிள்ளைங்க எறந்து போறது சில வருசத்துல பாதிக்குப் பாதி குறைஞ்சுது.

சேலைத் தொட்டில் ராத்திரிக்கு வேண்டாம்மா. நடுவுல குழிஞ்சு பிள்ளைக்க தாடை நெஞ்சுல முட்டும், பச்சப்பிள்ளைக்கு தலைய நிமுத்த தெம்பு கெடையாது, சத்தமே இல்லாம மூச்சு முட்டிரும். உனக்கு ஆபரேசன், மயக்கம் தெளிஞ்ச பெறகும் வலி மாத்திரை அசதி இருக்கும், அதனால பால் குடுத்துட்டு கூட இருக்கவங்க பிள்ளைய எடுத்து தொட்டில்ல போடட்டும். சோபாவுல, சாய்வு நாற்காலியில உக்காந்து பால் குடுத்துட்டே உறங்கிராதே, கட்டில்ல உறங்குகதைவிட அதுதான் ஆபத்து.

கொளச்சல்ஆச்சி:
நாங்க மூணு பிள்ளையளையும் பக்கத்துல போட்டுத்தான் வளத்தோம், ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல்ல. பிள்ளைக்கு தாய்ச் சூடு வேண்டாமா?

வார்டுநர்ஸ்_நாகர்கோவில்:
ஆச்சி, நீங்க சொல்லுகது புரியுது, தாய்ச் சூடு வேணும், அதுக்குத்தான் பக்கத்துலயே தொட்டில். ஆனா நீங்க தரையில ஓலைப்பாய் விரிச்சு படுத்திருப்பீங்க, அது கெட்டி. இப்பத்த மெத்தை அமுங்கும், நம்ம எடைக்கு குழி விழுந்து பிள்ளை அந்தப் பக்கமா உருண்டு வரும். மாசம் தெகையாத பிள்ளை, எடை குறைஞ்ச பிள்ளைன்னா இன்னும் ஆபத்து ஆச்சி.

மார்த்தாண்டம்_அப்பா:
அயனித் தொட்டில தள்ளாதீங்க, சரி பண்ணலாம். நாங்க எங்க பழைய தொட்டிலுக்கு ஆசாரிய வரச்சொல்லி ஆடாம இருக்க ரெண்டு பக்கமும் கட்டை அடிச்சோம். தொட்டில் பக்கத்துல நிக்குத கம்பி இருக்குல்லா, அந்த அழிக்கு அழி இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாது, எங்களுக்கு 9 இருந்துது, நடுவுல ஒவ்வொண்ணு கூடுதலா வச்சோம். பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அதனால பிள்ளை பொறக்கதுக்கு முன்னயே வெளிய வச்சு, வீட்ல கர்ப்பிணி இல்லாத நேரமா சுரண்டச் சொல்லுங்க. மெத்தை கயிறு மெத்தைக் கடையில அளவு கொடுத்து தைக்கணும், ஓரத்துல ரெண்டு விரல் போனா பெரிசு. இலவம்பஞ்சு வேண்டாம், அமுங்கும்.

தக்கலைப்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு அளந்தோம், தரையில இருந்து மெத்தை மேல் வர 31 இஞ்ச் வருது, மைனி காட்டுனது அவ்வளவு ஒசராது. அயனித் தொட்டில்ல அழி இடைவெளி 8 சென்டிமீட்டர். ஆசாரி ஞாயித்துக்கிழமை வாறாங்க, பெயிண்ட் சுரண்டுத அன்னைக்கு நான் சித்தி வீட்டுக்குப் போறேன். ஆச்சி சொன்னத அம்மாட்ட வாசிச்சுக் காட்டுனேன், நர்ஸக்கா சொன்ன பதிலையும் வாசிச்சேன், அம்மா ஒண்ணும் சொல்லாம போய் தொட்டில்ல போட்டிருந்த குட்டித் தலையணைய எடுத்து அலமாரியில வச்சாங்க. ஒண்ணு மட்டும் கேக்கணும், மழைக்காலம் ஆனா எங்க ஊர்ல கொசு தாங்காது, வலை எப்படிப் போடணும்?

குலசேகரம்அக்கா:
தொட்டிலுக்கு மேல சட்டம் வச்சு நாலு பக்கமும் இழுத்துக் கட்டு மக்ளே, தொங்கி பிள்ளை கைக்கு எட்டக்கூடாது. சாரலுக்கு குளிருமேன்னு ஸ்வெட்டர், தொப்பி எல்லாம் போட்டு மூடாதே, கழுத்துக்குப் பின்ன தொட்டுப் பாரு, வேர்த்திருந்தா ஒரு துணிய குறைச்சிரு.