புதுப்பிப்பு: 5 கிலோமீற்றரையும் ஓடி முடித்துவிட்டேன்

மூன்று மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேனே, இரண்டு நிமிடம் ஓடினாலே மூச்சு வாங்குகிறது, சிறுநீரக நோயாளர்களுக்கு நிதி சேர்க்கும் 5 கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாமா என்று. கொடுத்தேன், நேற்று விடிய ஓடியும் முடித்தேன்! நீங்கள் சொன்னபடி ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கி கிழமைக்குக் கிழமை கூட்டியதுதான் கைகொடுத்தது. மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது கெண்டைக்கால் இறுகிவிட்டது, வாவிக் காற்று வேறு முகத்தில் அடித்தது. பக்கத்தில் 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தைப் பார்த்தபடி கொஞ்சம் நடந்தேன், அப்புறம் திரும்ப ஓடினேன். முடிவில் ஒரு அம்மா தோடம்பழத் துண்டை என் கையில் வைத்து, "என்ட மகனுக்கும் கிழமைக்கு ரெண்டு தரம் ரத்தம் சுத்திகரிக்கிறாங்க, புள்ள" என்றார். அழுதுவிட்டேன். அடுத்த வருடமும் ஓடுவேன்.