அப்பாவின் அம்பாசடர் மலையேறும்போது நின்றுவிடுகிறது – அவசரம்

செங்கோட்டைக்காரன்:
அப்பா பாதியில் விட்டுப்போன அம்பாசடரைப் பத்து மாதமாக வேலை பார்த்து முடித்துவிட்டேன். ஊருக்குள் நன்றாக ஓடுகிறது. புளியரை தாண்டி மலையேறினால் நின்றுவிடுகிறது. மூன்று முறை ஆகிவிட்டது. காயில், பிளக் எல்லாம் புதிது. அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு வருஷத் திதி. புனலூரிலிருந்து அத்தையை இந்த வண்டியில்தான் அழைத்து வர வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நெம்புகோல்:
பெட்ரோலா, டீசலா? எந்த வருட வண்டி? குலுங்கிக் குலுங்கி நிற்கிறதா, விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று நிற்கிறதா? மறுபடி ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம்?

தென்மலைவாசி:
இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்கிறது. பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, வழியெல்லாம் தண்ணீர் விடுங்கள். அந்தக் காலத்து டாக்சிக்காரர்கள் இந்த மலையை அப்படித்தான் ஏறினார்கள்.

பழையவண்டி:
தம்பி, 'நின்றுவிடுகிறது' என்பது கோளாறின் பெயர் அல்ல. இங்கே வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் இப்படித்தான் வருகிறார்கள். காயில் புதிது என்கிறீர்கள், பிளக்கில் தீப்பொறி வர உதவும் கண்டென்சரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சூடானதும் கண்டென்சர் படுத்துவிடும், ஆறினால் எழுந்துகொள்ளும். எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

கொல்லம்வழி:
இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய்கள் அதில் ஊறி உப்பிவிடும். குழாய்களை முழுக்க மாற்றுங்கள். ஆறும்வரை பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடலாம், அதற்கு மெக்கானிக் தேவையில்லை.

செங்கோட்டைக்காரன்:
மன்னிக்கவும். பெட்ரோல் வண்டி, 1984 மார்க் 4. ஆனால் எஞ்சின் அதனுடையது இல்லை. கான்டசா காரின் இசுசு 1800 எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் அப்பா இறக்கியிருந்தார். நான் செய்தது வயரிங், பெயின்ட், சீட் மட்டும். குலுங்கிக் குலுங்கித்தான் நிற்கிறது. இருபது நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது.

பழையவண்டி:
1489 சி.சி. எஞ்சின் இருந்த இடத்தில் 1817 சி.சி. உட்கார்ந்திருக்கிறது! இதை முதல் வரியில் சொல்லாமல் பிளக் புதிது என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

சட்டப்புள்ளி:
எஞ்சின் எண் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா? தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவைப் படியுங்கள். கேரளத்து அதிகாரிகள் சும்மா விடமாட்டார்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளில் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 கொடுக்க வேண்டும். அதைச் செய்தீர்களா?

கொல்லம்வழி:
திதிக்குப் போகிறவரிடம் பிரிவு எண் கேட்கிறீர்களே! அம்பாசடரும் கான்டசாவும் ஒரே இந்துஸ்தான் மோட்டார்ஸ். 1990களில் அந்தக் கம்பெனியே இதே இசுசு எஞ்சினை வைத்து அம்பாசடர் விற்றது. முறைப்படி எழுதிக்கொடுத்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொண்டால் தீர்ந்தது.

சட்டப்புள்ளி:
அந்த 'எழுதிக்கொடுத்து' என்பதைத்தான் நானும் கேட்கிறேன். 14 நாளுக்குள் தெரிவித்திருக்க வேண்டும்.

தென்மலைவாசி:
பழமை வாகனம் என்று பதிவு செய்துவிடலாமே?

சட்டப்புள்ளி:
அதற்கு 50 வயது ஆக வேண்டும். பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கவும் கூடாது. இரண்டிலும் தோல்வி.

கொல்லம்வழி:
கேரளம் கேரளம் என்று பயமுறுத்துகிறீர்கள். செங்கோட்டையே 1956 அக்டோபர் வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த ஊர்தான்.

நெம்புகோல்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. செங்கோட்டைக்காரரே, ஊருக்குள் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்? சமதரையில் நிற்காமல் இருபது கிலோமீட்டர் போய்ப் பார்த்ததுண்டா? மலைக்குப் போகும்போது டாங்கை நிரப்பினீர்களா?

செங்கோட்டைக்காரன்:
ஊருக்குள் நாலைந்து கிலோமீட்டர்தான், எப்போதும் ஐந்து லிட்டர் போட்டுத்தான் ஓட்டுவேன். மலைக்கு மூன்று முறையும் முழு டாங்க். டாங்கும் அம்பாசடருடையது இல்லை, அப்பா வேறு ஏதோ வண்டியுடையதைப் பொருத்தியிருக்கிறார். இது முக்கியமா?

நெம்புகோல்:
இதுதான் முக்கியம். டாங்க் மூடி யாருடையது?

செங்கோட்டைக்காரன்:
மூடி நான் வாங்கியது. பழையது துருப்பிடித்து ஓட்டையாக இருந்தது. சாவி போட்டுப் பூட்டும் புது மூடி, பளபளவென்று இருக்கிறது.

நெம்புகோல்:
பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். மூடி இறுக்கமாக அடைத்து, டாங்கிலும் காற்றுக்குழாய் இல்லையென்றால் உள்ளே வெற்றிடம் உண்டாகும், பம்பால் இழுக்க முடியாது. டாங்க் நிறைந்திருந்தால் காற்றுக்கு இடமே குறைவு, அதனால் சீக்கிரம் நிற்கும். பாதி காலியாக இருந்தால் வெகுநேரம் தாங்கும். இருபது நிமிடத்தில் எங்காவது கசிந்து காற்று நுழைந்துவிடும், வண்டி எழுந்துகொள்ளும். உங்கள் கோளாறுக்கு மலை காரணமே இல்லை. நாளை டாங்கை நிரப்பிக் கடையநல்லூர் பக்கம் சமதரையில் போங்கள். நின்றால் உடனே மூடியைத் திறந்து காதை வைத்துக் கேளுங்கள்.

பழையவண்டி:
சூட்டில் நிற்கிற வண்டிக்கு மூடியைக் குறை சொல்வதை இன்றுதான் கேட்கிறேன். கண்டென்சரை மாற்றுங்கள்.

தென்மலைவாசி:
ஈரத்துணிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

*(ஆறு நாள் கழித்து)*

சட்டப்புள்ளி:
ஆளைக் காணவில்லையே, வண்டியைப் பிடித்துவிட்டார்களா?

செங்கோட்டைக்காரன்:
தாமதத்துக்கு மன்னியுங்கள், திதி வேலை. கடையநல்லூருக்கு முன்னாலேயே நின்றது. மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்றை இழுத்த சத்தம் ரோட்டோரம் நின்றவர்களுக்கும் கேட்டது. அடுத்த நிமிடமே ஸ்டார்ட் ஆனது. பழைய மூடியை அப்பாவின் பிஸ்கட் டப்பாவில் தேடி எடுத்தேன். நான் துரு தின்ற ஓட்டை என்று நினைத்தது, நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு அவரே துளைபோட்டது. சுற்றிலும் அரத்தால் தேய்த்த கோடு இருக்கிறது. அதையே மாட்டிக்கொண்டு புனலூர் போய்வந்தேன், எங்கும் நிற்கவில்லை. அத்தை முன்சீட்டில்தான் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். நெம்புகோல் அண்ணாச்சிக்கு நன்றி.

பழையவண்டி:
மகிழ்ச்சி. கண்டென்சரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சட்டப்புள்ளி:
எஞ்சின் எண்ணுக்கு இன்னும் பதில் வரவில்லை.