மூன்று மாதக் கிராமப் பணி போதுமா?

மேலூர் மைந்தன்:
பல் டாக்டர் படிப்பான பி.டி.எஸ். முடித்ததும் கிராமத்தில் கிளினிக் போடாதே, அனுபவம் போதாது என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள். நாலு வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடப் பயிற்சி. அதில் கிராமப் பணிக்கென்றே மூன்று மாதம் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்? என் மகள் அடுத்த வருடம் மேலூரில் போர்டு மாட்டத்தான் போகிறாள்.

உசிலை பல்டாக்டர்:
அந்த மூன்று மாதத்தில் பெரும்பாலும் நடப்பது முகாம். பள்ளிக்கூட வராந்தாவில் நாற்காலி போட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, சொத்தை எத்தனை என்று சீட்டில் எழுதி, காலேஜுக்கு வாங்க என்று அனுப்புவது. ஆடுகிற பல்லைப் பிடுங்கலாம். கீழ்க்கடைவாய்ப் பல் முறிந்து வேர் உள்ளே நின்றுவிட்டால், அதைத் தனியாளாக எடுத்துப் பழக அங்கே வழியில்லை.

பயிற்சி டாக்டர்:
சார், எல்லாரையும் ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். முகாமுக்குப் போகிற எங்கள் காலேஜ் வண்டியில் பல் பார்க்கும் சேர், கம்ப்ரசர் எல்லாம் உண்டு. ஃபில்லிங், கிளீனிங் செய்கிறோம்.

உசிலை பல்டாக்டர்:
வண்டி சாயங்காலம் திரும்பிவிடும் தம்பி. ராத்திரி வீங்கினால் யாரைத் தேடுவார்கள்? தாடைக்கடியில் வீக்கம் இறங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல் ஒருவர் வந்தால் அது மூச்சையே அடைக்கும். மாத்திரை எழுதிக் கொடுத்து நாளைக்கு வா என்று சொல்லக்கூடாது, உடனே மதுரை ராஜாஜி அரசு ஆஸ்பத்திரிக்கு ஏற்றணும். சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், பாக்கும் பொயிலையும் அடக்கி அடக்கி வாய் திறக்க முடியாதவர், எல்லாரும் ஒரே காலையில் வருவார்கள். இதையெல்லாம் ஒரு சீனியரோடு வருடக்கணக்கில் உட்கார்ந்துதான் கற்கணும். மூன்று மாதம் காணாது.

மேலூர் மைந்தன்:
அண்ணே, நேரடியாகச் சொல்லுங்கள். புது டாக்டர் வந்தால் உங்கள் கூட்டம் குறையும் என்றுதானே கவலை? மூன்று மாதம் பல் மருத்துவக் கவுன்சில் வைத்த விதி. நீங்கள் கவுன்சிலைவிடப் பெரியவரா?

உசிலை பல்டாக்டர்:
மேலூரில் உங்கள் மகள் போர்டு மாட்டினால் உசிலம்பட்டியில் என் கூட்டம் எப்படிக் குறையும்? மூன்று மாதம் பற்றிக் கேட்டால் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கல்லுப்பட்டி அக்கா:
மூன்று மாதமோ மூன்று வருடமோ, எங்கள் ஊரில் ஒருத்தரும் இல்லை. ஒரு பல் பிடுங்க திருமங்கலத்துக்கு பஸ் ஏறணும், அன்றைய கூலி போச்சு. அதனால்தான் மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே கிழவிகள் வலியோடு கிடக்கிறார்கள். அந்தப் பொண்ணு வரட்டும். வந்து கற்றுக்கொள்ளட்டும்.

உசிலை பல்டாக்டர்:
யார் வாயில் கற்றுக்கொள்வது அக்கா? உங்கள் வாயிலா?

கல்லுப்பட்டி அக்கா:
காலேஜில் இலவசமாகப் பல் பார்க்க வருகிற ஏழைகளின் வாயில்தானே நீங்களும் கற்றீர்கள்? அப்போது இந்தக் கேள்வி வரவில்லையா?

உசிலை பல்டாக்டர்:
அங்கே என் பின்னால் புரொபசர் நின்றார். கை நடுங்கினால் வாங்கிச் செய்தார். கிராமத்தில் பின்னால் சுவர்தான் நிற்கும். இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

பயிற்சி டாக்டர்:
மதுரையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியே கிடையாது. சென்னை, கடலூர், புதுக்கோட்டை என்றுதான் இருக்கிறது. தனியாரில் லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, ஒரு சீனியரிடம் சொற்பச் சம்பளத்துக்கு வருடக்கணக்கில் உட்கார் என்றால் கடனை யார் அடைப்பது?

மேலூர் மைந்தன்:
சரியாகக் கேட்டாய் தம்பி. அந்தச் சீனியரும் இவரைப் போன்றவர்தானே? கம்மிச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கும்.

உசிலை பல்டாக்டர்:
என்னிடம் இருந்த பிள்ளைகளுக்குச் சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடித்தேன் என்று ஒருத்தர் சொல்லட்டும். போன மாதம் இதையே எழுதினீர்கள், அட்மின் நீக்கினார். மறுபடி ஆரம்பிக்கிறீர்கள்.

மேலூர் மைந்தன்:
நீக்க வைத்ததே நீங்கள்தான். அட்மின் உங்கள் ஊர்க்காரர் என்பது எல்லாருக்கும் தெரியும்.

உசிலை பல்டாக்டர்:
அட்மினுக்கு வாடிப்பட்டி. மூன்று மாதத்தில் எத்தனை பேருக்கு உடைந்த வேர் எடுத்தாள் என்று உங்கள் மகளிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். அப்புறம் பேசலாம்.

மேலூர் மைந்தன்:
என் மகளை இழுக்காதீர்கள்.

உசிலை பல்டாக்டர்:
போர்டோடு அவளை இங்கே கொண்டுவந்தது நீங்கள்தான். எத்தனை பேர்?